டேனன்பாம்–டோர்வால்ட்ஸ் விவாதம்

இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலை எப்படி அமைப்பது என்பது பற்றி 1992 ஜனவரி இறுதியில் மூண்ட வாதம். ஆம்ஸ்டர்டாமின் வ்ரியே பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆண்ட்ரூ டேனன்பாம் ஒரு பக்கம், ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் மறுபக்கம். டேனன்பாம் 1987இல் பாடம் நடத்துவதற்காக மினிக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கியவர். அதைப் பயன்படுத்திப் பழகிய டோர்வால்ட்ஸ், 1991இல் இன்டெல் 386 செயலிக்கென லினக்ஸை எழுதினார்.

கேள்வி பழையது. கெர்னலில் மிகக் குறைந்த வேலைகளை மட்டும் வைக்கலாம் என்பதை டென்மார்க்கின் ஆர்.சி. 4000 கணினியில் பெர் பிரின்ச் ஹான்சன் 1969 வாக்கிலேயே செய்து காட்டியிருந்தார். மைக்ரோகெர்னல் எனப்படும் இம்முறையில் கோப்பு முறைமையும், வன்பொருளை இயக்கும் டிரைவர்களும் தனித்தனி நிரல்களாகக் கெர்னலுக்கு வெளியே ஓடும். மினிக்ஸ் இவ்வகை. லினக்ஸ் பின்பற்றிய மோனோலிதிக் முறையில் எல்லாம் உள்ளேயே. அங்கே ஒலி அட்டையின் டிரைவர் தவறான நினைவக முகவரியில் எழுதிவிட்டால் கணினி முழுவதும் நின்றுபோகலாம். மைக்ரோகெர்னலில் அந்த டிரைவரை மட்டும் நிறுத்தி மீண்டும் தொடங்க வழியுண்டு.

லினக்ஸ் காலாவதியானது என்ற தலைப்பிலேயே டேனன்பாம் தொடங்கினார். மோனோலிதிக் அமைப்பு எழுபதுகளுக்குத் திரும்பிப் போவது, ஒரே செயலியை நம்பியிருப்பது பெரும்பிழை என்பன அவர் குற்றச்சாட்டுகள். கோட்பாட்டளவில் மைக்ரோகெர்னலே மேல் என்பதை டோர்வால்ட்ஸ் மறுக்கவில்லை. ஆனால் மினிக்ஸின் கோப்பு முறைமை ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைத்தான் கவனிக்கும் என்றும், லினக்ஸ் இலவசமாக இப்போதே கிடைக்கிறது என்றும் திருப்பியடித்தார். இரண்டாவது வாதம்தான் வலுவானது. கட்டற்ற மென்பொருளுக்கான குனு திட்டத்தின் மைக்ரோகெர்னல் முயற்சியான ஹர்ட் அப்போது பயன்பாட்டுக்கு வந்திருக்கவில்லை.

மைக்ரோகெர்னலின் உண்மையான தடை வேகம். ஒரு கோப்பைப் படிக்க வேண்டுமென்றால் பயனர் நிரல் கோப்பு நிரலுக்கும், அது வட்டு டிரைவருக்கும் செய்தி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் செயலி ஒரு நிரலை விட்டு மற்றொன்றுக்கு மாறும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மாக் மைக்ரோகெர்னல், 50 மெகாஹெர்ட்ஸ் 486 செயலியில் எட்டு பைட் செய்தியை அனுப்ப ஏறத்தாழ 115 மைக்ரோவினாடி எடுத்துக்கொண்டது. ஜெர்மனியின் யோகன் லீட்கே தம் எல்3 கெர்னலில் இதை 5 மைக்ரோவினாடியாகக் குறைத்து 1993இல் வெளியிட்டார். குறை கருத்தில் இல்லை, செய்த விதத்தில்தான் என்பது அதன்பிறகே தெளிவாயிற்று. அதற்குள் லினக்ஸுக்குப் பின்னால் பெருங்கூட்டம் திரண்டுவிட்டது.

பின்வந்த இயங்குதளங்கள் எந்தப் பக்கமும் முழுதாகச் சாயவில்லை. விண்டோஸ் என்.டி. 4.0, வேகத்துக்காக 1996இல் வரைகலைப் பகுதியைக் கெர்னலுக்குள் கொண்டுவந்தது. ஆப்பிளின் மேக் ஓ.எஸ். எக்ஸ், மாக்கையும் யூனிக்ஸ் வழிவந்த பி.எஸ்.டி.யையும் ஒரே கெர்னலாகக் கலந்தது. லினக்ஸ் 1995இலேயே ஆல்ஃபா செயலிக்குப் பெயர்க்கப்பட்டு, ஒற்றைச் செயலிக் குற்றச்சாட்டைக் கடந்தது. மைக்ரோகெர்னல் வாகனங்களிலும் பாதுகாப்புக் கருவிகளிலும் ஊன்றிக்கொண்டது. ஏறத்தாழ 8,700 சி வரிகள் கொண்ட எஸ்.இ.எல்.4 மைக்ரோகெர்னல் தன் வரையறையிலிருந்து பிறழாது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2009இல் கணிதமுறைப்படி நிறுவினார்கள். இன்டெல் சில்லுகளின் மேலாண்மைப் பகுதியில் மினிக்ஸ் 3 இயங்குவது 2017இல் வெளியே தெரிந்தது. லினக்ஸ் ஓடும் எத்தனையோ கணினிகளிலும் அந்தச் சில்லுகள்தாம் இருந்தன.