லாங்கிளாத்: ஒரு துணியின் பெயர்

சென்ற ஆண்டு உறவில் மூத்தவர் ஒருவர் காலமானபோது, கோடித் துணி எடுத்துவரும் பொறுப்பு நம்மிடம் வந்து சேர்ந்தது. கடைவீதியில் அப்போதுதான் திறந்திருந்த ஜவுளிக்கடைக்குச் சென்று வெள்ளைத் துணி கேட்டோம். கடைக்காரர் நம் முகத்தைப் பார்த்தே காரியத்தை அறிந்துகொண்டார். "மல்லா, லாங்கிளாத்தா சார்? மல்லு மெல்லிசு, உடம்பு தெரியும். லாங்கிளாத்னா கொஞ்சம் அழுத்தமா இருக்கும்" என்றார். லாங்கிளாத்தே கொடுங்கள் என்றோம். ஐந்து மீட்டர் அளந்து, ஓரத்தில் கத்தரியால் ஒரு சிறு வெட்டு வைத்து, இரு கைகளாலும் இழுத்துக் கிழித்தார். நேர்க்கோடாய்க் கிழிந்தது துணி.

திரும்பி வரும் வழியில்தான் அந்தப் பெயர் மனத்தில் உறுத்தத் தொடங்கியது. தமிழர் ஒருவரின் இறுதிப் பயணத்துக்குரிய ஆடைக்கு ஆங்கிலப் பெயர் எப்படி வந்தது?

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தி வருகிறோம். கோவலன் மதுரையைச் சுற்றிப் பார்க்கையில், பருத்தி நூலாலும் மயிராலும் பட்டாலும் நெய்த துணிகள் அடுக்கிவைக்கப்பட்ட அறுவை வீதியைக் காண்கிறான். அவ்விடத்துக்கு உரை வகுத்த அடியார்க்கு நல்லார், முப்பத்தாறு துணி வகைகளின் பெயர்களை வரிசைப்படுத்துகிறார். கோசிகம், பீதகம், இரட்டு, சில்லிகை, தேவாங்கு, வெண்பொத்தி, செம்பொத்தி என்று நீளும் பட்டியல் அது. இவற்றுள் ஒன்றையேனும் கையில் எடுத்து, 'இதுதான் அது' என்று மாணவர்க்குக் காட்ட நம்மால் இயன்றதில்லை. பெயர்கள் உரையில் இருக்கின்றன, துணிகள் இல்லை. லாங்கிளாத்தின் நிலையோ இதற்கு நேர்மாறு. துணி நம் கையில் இருக்கிறது. அதற்கு நாம் வைத்திருந்த பெயர்தான் வழக்கிலிருந்து போய்விட்டது.

முதலில் துணியின் இயல்பைக் காண்போம். ஜவுளிக்கடையில் வெள்ளையாய் அடுக்கியிருக்கும் பருத்தித் துணிகளிற் பெரும்பாலானவை ஒரே நெசவைச் சேர்ந்தவை. நீளவாட்டில் ஓடும் பாவு நூலின் மேலும் கீழுமாக, ஊடை நூல் ஒன்று விட்டு ஒன்றாகச் சென்று வருவதே அந்நெசவு. வேறுபாடு நூலின் பருமனிலும் நெருக்கத்திலும் இருக்கிறது. நூலின் பருமனை நம்பர் கொண்டு சொல்வது வழக்கம். ஒரு பவுண்டு எடையில் 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை அடங்குமோ அதுவே அந்த நம்பர். ஆகவே, நம்பர் ஏற ஏற நூல் மெலியும்.

மெல்லிய நூலைக் கலக்கமாக நெய்தால் மல். தலைப்பாகைக்கும், கோடைக்கால மேலாடைக்கும், கைக்குழந்தையின் உடுப்புக்கும் உரியது. தடித்த நூலை நெய்து வெளுக்காமல் விட்டால் காடா. பைக்கும் மெத்தை உறைக்கும் வடிகட்டும் துணிக்கும் ஆகும். பாவு நூலை ஊடையைவிட மிக நெருக்கமாக வைத்து நெய்வது பாப்ளின். அதன் மேற்பரப்பில் மெல்லிய குறுக்கு வரி ஓடும். சட்டைக்கும் ரவிக்கைக்கும் ஏற்றது. இவற்றுக்கு நடுவில் நிற்பது லாங்கிளாத். நடுத்தர நூலை நெருக்கமாக நெய்து, வெளுத்து, கஞ்சி ஏற்றியது. உள்ளாடை, பாவாடை, தலையணை உறை, கோடி ஆகியவற்றுக்குப் பயன்படுவது. தண்ணீர் பட்டால் சுருங்கும் என்பதால், நனைத்து உலர்த்திய பிறகே தைப்பர் அனுபவமுள்ள தையற்காரர்.

இனிப் பெயருக்கு வருவோம். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி 1639-இல் சென்னையில் காலூன்றியதற்கு முதன்மைக் காரணம் துணி. சோழமண்டலக் கரையெங்கும் நெய்யப்பட்ட வெள்ளைத் துணியில் ஒரு வகை ஏறத்தாழ 36 கஜ நீளம் இருந்தது. சலம்பூர் என்ற மற்றொரு வகை அதிற் பாதியளவே நீளமுடையது. நம் நெசவாளர் எப்பெயரிட்டு அழைத்திருப்பினும், கம்பெனிக் கணக்கர் நீளத்தை மட்டும் பார்த்து 'லாங்கிளாத்', அதாவது நீளத் துணி என்று பேரேட்டில் எழுதினர். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் சென்னையிலிருந்து கப்பலேறிய சரக்குகளுள் தலையாயது இதுவே.

அவ்வணிகத்தின் தடங்கள் சென்னை நகரின் ஊர்ப் பெயர்களில் இன்றும் உள்ளன. கம்பெனித் துணியை வெளுத்தோர் குடியிருந்த இடம் வண்ணாரப்பேட்டை. ஜோசப் கோலட் 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த காலத்தில் நெசவாளர்க்காக அமைத்த ஊர் கோலட் பேட்டை. மக்கள் நாவில் அது காலாடிப்பேட்டை ஆயிற்று. 1734-இல் நூற்போரையும் நெய்வோரையும் வெளுப்போரையும் குடியமர்த்தி உருவாக்கப்பட்டது சிந்தாதிரிப்பேட்டை. சின்னத் தறிப் பேட்டை என்பதே அதன் மூலம் என்பர்.

அந்நாளைய நெசவாளரை இரக்கத்துக்குரியவராக மட்டுமே எண்ணுவது பிழை. வணிகர் முன்பணம் கொடுத்துத் துணிக்கு ஒப்பந்தம் செய்வார். வேறொருவர் கூடுதல் விலை தந்தால், வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நெசவாளர் விலகிக்கொள்ளலாம். வணிகர் அவ்வாறு விலக இயலாது. இதனை வரலாற்றறிஞர் பிரசன்னன் பார்த்தசாரதி 2001-இல் வெளியான தமது ஆய்வு நூலில் எடுத்துக்காட்டியுள்ளார். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கம்பெனி அரசாளும் நிலையை எய்தியபோதுதான் இவ்வுரிமை பறிபோயிற்று. விலை பேசிய கை, ஆணைக்குக் கட்டுப்பட்ட கையாக மாறியது.

மறு கரையில் நிகழ்ந்ததையும் பார்க்க வேண்டும். இந்தியத் துணியின் பெருக்கத்தை அஞ்சிய ஆங்கிலப் பாராளுமன்றம், அச்சிட்டும் சாயமேற்றியும் வந்த துணிகளின் உள்நாட்டுப் பயன்பாட்டை 1700-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுத்தது. வெள்ளைத் துணிக்குத் தடை இல்லை. ஆகவே, நம் வெள்ளைத் துணியை இறக்கி அங்கேயே அச்சடிக்கும் தொழில் வளர்ந்தது. 1721-ஆம் ஆண்டுச் சட்டம் அதையும் பெருமளவு ஒடுக்கியது. அக்காலத்தில் பாவுக்கு வேண்டிய உறுதியான பருத்தி நூலை அங்கே நூற்க இயலாமையால், லினன் நூலைப் பாவாக்கிப் பருத்தியை ஊடையாக்கினர். ஆர்க்ரைட்டின் நூற்பு எந்திரம் 1769-இல் வந்து அக்குறையைத் தீர்த்தது. 1779-இல் கிராம்ப்டன் உருவாக்கிய எந்திரம் மெல்லிய நூலையும் தந்தது. இந்திய வணிகத்தில் கம்பெனிக்கிருந்த தனியுரிமையை 1813-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியபின், லங்காஷயரின் ஆலைத் துணி இந்தியாவை நோக்கி வெள்ளமாய்ப் பாய்ந்தது.

அத்துணிகளுக்கு என்ன பெயர்? லாங்கிளாத் என்பதே பெயர்! கோதாவரிக் கழிமுகத்தில், நரசாபுரத்துக்கு அருகிலுள்ள மாதவாய்ப்பாளையம் என்னும் நெசவூரின் பெயரும் 'மடப்பொல்லம்' என்று திரிந்து, இங்கிலாந்து ஆலைத் துணி ஒன்றின் பெயராகி, இங்கேயே விற்பனைக்கு வந்தது. நெய்தவனின் துணியைப் படியெடுத்து, அதற்கு இட்ட வணிகப் பெயரோடு அவனுக்கே விற்றார்கள். இதற்குள் நம்மவரும் அப்பெயரையே சொல்லப் பழகிவிட்டனர்.

பின்னர் இந்தியாவிலும் ஆலைகள் எழுந்தன. சென்னைப் பெரம்பூரில் எழுந்து பி அண்ட் சி என்று பெயர் பெற்ற பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் காக்கி டிரில் துணி, சீருடைகளுக்குப் புகழ்பெற்றது. டிரில் என்பது சாய்வரி ஓடும் அழுத்தமான நெசவு, உழைப்புக்குத் தாங்கும். அவ்வாலைத் தொழிலாளரின் பெரும் வேலைநிறுத்தம் நிகழ்ந்த 1921-ஆம் ஆண்டிலேதான், செப்டம்பர் 22 அன்று, காந்தியடிகள் மதுரையில் இடுப்பில் ஒற்றைத் துணியோடு வெளியே வந்தார். கையால் நூற்றுக் கையால் நெய்த கதர் சொரசொரப்பானது, எளிதிற் கசங்குவது, ஆயினும் வியர்வையை நன்கு உறிஞ்சுவது. அதன் பெயரோடு நூற்றவரும் நெய்தவரும் நினைவுக்கு வந்தனர் என்பதே அத்துணிக்குரிய தனிச் சிறப்பு எனக் கருதுகிறோம். பி அண்ட் சி ஆலைகள் 1996-இல் மூடப்பட்டன.

இவ்வாண்டு ஊர்காண் காதை நடத்திய அன்று மல், காடா, லாங்கிளாத் மூன்றிலும் ஒவ்வொரு மீட்டர் வாங்கிக்கொண்டு வகுப்புக்குச் சென்றோம். மாணவர் தொட்டுப் பார்த்துக் கைமாற்றிக் கொண்டிருந்தபோது, பின்வரிசை மாணவர் ஒருவர் லாங்கிளாத்தின் ஓரத்தை விரலால் நெருடிவிட்டு, "இது நாடா இல்லாத தறியில ஓட்டினது, ஐயா. ஓரத்துல நூல் வெட்டுப்பட்டு நிக்குது பாருங்க. நாடாத் தறின்னா நூல் மடங்கித் திரும்பியிருக்கும்" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டோம். வீட்டில் நான்கு விசைத்தறிகள் இருந்தனவாம். இப்போது ஓடுகின்றனவா என்றதற்கு, "இல்லைங்க ஐயா, அப்பா எடைக்குப் போட்டுட்டாரு" என்று சொல்லி அமர்ந்துவிட்டார்.

அடியார்க்கு நல்லாரின் முப்பத்தாறு பெயர்களை மனப்பாடமாய் ஒப்பிக்கும் நமக்கு, ஒரு துணியின் ஓரத்தைப் பார்த்து அது பிறந்த தறியைச் சொல்லத் தெரியவில்லை. அம்மாணவரின் தந்தையாரை ஒருநாள் சென்று காண்பதாகச் சொல்லியிருக்கிறோம். பாவு, ஊடை, நாடா, சிட்டம் என்று அவர் வீட்டில் புழங்கிய சொற்களையெல்லாம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அவரவர் ஊரில் தறியோடு வாழ்ந்தவர் வாயில் இன்னும் எஞ்சியிருக்கும் பெயர்களை வாசகர்களும் குறித்துவைப்பார்களேயானால், அடுத்த தலைமுறைக்கு ஒரு பட்டியலேனும் மிஞ்சும்.