பீவரைக் கொல்லாத வேடர்கள்

வட அமெரிக்கப் பூர்வகுடிகள் என்றதும், குதிரையேறிக் காட்டெருமையை விரட்டும் வேடரே நம் நினைவுக்கு வருவர். அத்தகைய வேடர்களுள் பெயர்பெற்றவர்கள் பிளாக்ஃபுட் மக்கள். சிக்சிகா, கைனாய், பிக்கானி என்னும் பிரிவினரான இவர்கள், கனடாவின் அல்பெர்ட்டாவிலும் அமெரிக்காவின் மொன்டானாவிலும் வாழ்கின்றனர். இவர்கள் எதனை வேட்டையாடினர் என்பது பலரும் அறிந்ததே. எதனை வேட்டையாட மறுத்தனர் என்பதைச் சிலரே அறிவர்.

காட்டெருமையே இவர்களுக்கு உணவும் உடையும் கூடாரமும் ஆயிற்று. குதிரை வருவதற்கு முன்னர், மந்தையின் இயல்பறிந்து அதனைப் பாறை விளிம்புக்கு ஓட்டிச்சென்று வீழ்த்துவதே வழக்கம். அல்பெர்ட்டாவில் அவ்வாறு பல்லாயிரம் ஆண்டுகள் பயன்பட்ட ஹெட்-ஸ்மாஷ்ட்-இன் என்னும் பாறையை 1981-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது.

ஆனால், பீவர் என்னும் விலங்கை இவர்கள் பொதுவாகக் கொல்வதில்லை. பல்லால் மரத்தை அரிந்து, கிளைகளையும் சேற்றையும் கொண்டு ஓடையின் குறுக்கே அணை கட்டும் விலங்கு அது. அது மனிதருக்கு அளித்ததாக நம்பப்படும் புனிதப் பொதி ஒன்று உண்டு. விலங்குகள், பறவைகள் பலவற்றின் தோல்கள் அதனுள் இருக்கும். அதற்குரிய பாடல்களும் மிகப் பல. பொதியைக் காப்பவர்களே குச்சிகளைக் கொண்டு நாள்களையும் திங்களையும் கணக்கிட்டு வந்தனர்.

1670-இல் தோன்றிய ஹட்சன் விரிகுடா நிறுவனம் பீவர் தோலைப் பெரிதும் நாடியது. ஐரோப்பாவில் அதன் மென்மயிரால் ஆன தொப்பிக்கு அத்துணை மதிப்பு! வடக்குக் காடுகளில் வாழ்ந்த கிரீ மக்கள் அத்தோலைக் கொணர்ந்து விற்றனர். பிளாக்ஃபுட் மக்களோ பெரும்பாலும் ஓநாய்த் தோலையும் நரித் தோலையும் காட்டெருமை இறைச்சியையுமே கொணர்ந்தனர்.

இதனை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கலாமா? கனடிய ஆய்வாளர் கிரேஸ் மார்கன் 1991-இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் இதற்கு விளக்கம் தந்தார். காட்டுப் பகுதியில் ஏரிகளும் ஆறுகளும் மிகுதி. புல்வெளியோ வறட்சி மிக்கது. அங்கே ஓடை வற்றும் காலத்திலும் பீவர் கட்டிய அணைக்குள் நீர் தங்கும். மனிதருக்கும் காட்டெருமைக்கும் அந்நீர் உயிராதாரம். ஆகவே, பீவரைக் காப்பது நீரைக் காப்பதாகும் என்பது அவர் கருத்து. அவ்வாய்வு 2020-இல் நூலாக வெளிவந்தது.

வணிக வேட்டையால் 1880-களில் காட்டெருமை ஏறத்தாழ அழிந்தது. 1883-84 குளிர்காலத்தில் மொன்டானாவில் இம்மக்களுள் பல நூறு பேர் பட்டினியால் மாண்டனர். அதன் பின்னரும் இவர்கள் அவ்விலங்கை மறக்கவில்லை. 2014-இல் பூர்வகுடி இனங்கள் பல கூடிக் காட்டெருமை உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. 2016-இல் கனடாவின் எல்க் தீவுப் பூங்காவிலிருந்து 87 இளங்காட்டெருமைகள் மொன்டானா வந்தன. 2023-இல் ஒரு மந்தை தலைவன் மலை அருகே கட்டின்றித் திரிய விடப்பட்டது.

ஏட்டில் எழுதாமல் பாடலிலும் சடங்கிலும் பொதிந்து வைத்த அறிவும் அறிவே. நம் மாணவர்களுக்கு இவ்வரலாற்றையும் சொல்லுதல் நன்று.