வாரம் ஒரு நாள் ஆங்கில வாசிப்பு வகுப்பு: உத்திரமேரூர் வட்டாரத்துக்கு ஒரு திட்டம்

பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் தேர்ச்சி பெற்ற பிள்ளை, கல்லூரி விண்ணப்பப் படிவத்தில் உள்ள நான்கு வரிகளைப் படித்துப் பொருள் சொல்லத் தடுமாறுவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். கட்டுரையையும் கடிதத்தையும் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடலாம். பாலிடெக்னிக்கிலோ நர்ஸிங்கிலோ சேர்ந்த பிறகு புத்தகமே ஆங்கிலத்தில் இருக்கும்போது மனப்பாடம் கைகொடுப்பதில்லை. முதல் செமஸ்டரில் அரியர் விழுந்து, படிப்பையே விட்டுவிடும் பிள்ளைகளும் உண்டு.

இது நம் சமுதாயத்துக்கு மட்டும் உள்ள குறை அல்ல. பிரதம் என்ற கல்வி அமைப்பின் 2023ஆம் ஆண்டு 'ஏசர்' ஆய்வு, நாட்டின் பல மாநிலங்களில் 14 முதல் 18 வயது வரையுள்ள கிராமப்புறப் பிள்ளைகளைச் சோதித்தது. ஆங்கில வாக்கியங்களைப் படிக்க முடிந்தவர்கள் 57.3 சதவீதம் பேர்தான். கால்வாசிப் பேரால் தங்கள் மாநில மொழியில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைக்கூடச் சரளமாக வாசிக்க முடியவில்லை. ஆகவே ஆங்கில வகுப்பு தொடங்கும்போது தமிழ் வாசிப்பையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பாருங்கள்

இதற்கு நல்ல முன்மாதிரி நம் மக்தப் மதரஸாவிலேயே இருக்கிறது. அங்கே எட்டு வயதுப் பிள்ளையும் பதின்மூன்று வயதுப் பிள்ளையும் ஒரே பாயில் அமர்கிறார்கள். ஒருவர் அலிஃப், பே படிக்கிறார். இன்னொருவர் அம்ம ஜுஸ்வு ஓதுகிறார். யார் எங்கே நிற்கிறாரோ அங்கிருந்துதான் ஹஜ்ரத் அடுத்த பாடம் கொடுக்கிறார். முந்தைய பாடம் சரியாக வராமல் அடுத்தது கிடையாது. பிரதம் அமைப்பு பள்ளிகளில் பரப்பிவரும் முறையும் இதுவே: பிள்ளை படிக்கும் வகுப்பை விட்டுவிட்டு, வாசிக்கும் நிலையை வைத்துக் குழு பிரிப்பது.

முதல் வாரம் பாடம் வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்து ஐந்து நிமிடம் படிக்கச் சொல்லுங்கள். எழுத்து, சொல், வாக்கியம், சிறு பத்தி என்று நான்கு படிகள் போதும். எந்தப் படியில் தடுமாறுகிறாரோ அதுவே அவருடைய குழு.

ஒரு விஷயத்தில் கவனம் தேவை. சொல் படிக்கவே திணறும் ஒன்பதாம் வகுப்பு மாணவரை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுடன் உட்கார வைத்தால் அடுத்த வாரம் வரமாட்டார். 6, 7, 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு நேரம், 9 முதல் 12 வரை வேறு நேரம் என்று முதலில் பிரித்துக்கொண்டு, அதற்குள் நிலை பிரியுங்கள்.

ஒன்றரை மணி நேரத்தைப் பயன்படுத்தும் விதம்

ஞாயிறு காலை 10 முதல் 11.30 வரை பெரும்பாலோருக்கு ஒத்துவரும். மதரஸா நேரத்தோடும் மோதாது. லுஹர் தொழுகைக்கு முன் பிள்ளைகள் வீடு திரும்பிவிடலாம்.

1. முதல் 10 நிமிடம்: சென்ற வாரப் பகுதியை ஒவ்வொருவரும் இரண்டு வரி உரக்கப் படித்தல்.
2. அடுத்த 20 நிமிடம்: ஆசிரியர் புதிய பகுதியை நிறுத்தி நிதானமாகப் படிக்க, பிள்ளைகள் வரியின் கீழ் விரல் வைத்துத் தொடர்தல்.
3. 20 நிமிடம்: இருவர் இருவராக மாறி மாறிப் படித்தல்.
4. 15 நிமிடம்: எட்டுப் புதிய சொற்கள், அவற்றின் ஒலி, பொருள்.
5. 15 நிமிடம்: படித்ததைப் பற்றிச் சொந்தமாக மூன்று வாக்கியம் எழுதுதல்.
6. கடைசி 10 நிமிடம்: வீட்டுக்குக் கதைப் புத்தகம் எடுத்துச் செல்லுதல்.

இலக்கணத்துக்குத் தனி நேரம் வேண்டாம். பிள்ளை எழுதிய வாக்கியத்தில் வரும் பிழையே அன்றைய இலக்கணப் பாடம்.

ஆங்கிலச் சொல்லுக்கு மேலே அதன் உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைக்கும் பழக்கத்தை மெல்ல விடச் செய்யுங்கள். அப்படி எழுதும்போது கண் தமிழைத்தான் படிக்கிறது. தமிழில் ஒரே 'ப' இரண்டு ஒலிகளுக்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துகள் உண்டு. 'கேட்' என்ற சொல்லிலும் 'சிட்டி' என்ற சொல்லிலும் முதல் எழுத்து ஒன்றே, ஒலி வேறு. அரபி ஓதும் பிள்ளைகளுக்கு 'ஃபே', 'ஸே' ஒலிகள் ஏற்கெனவே பழக்கம். அதை எடுத்துச் சொன்னால் ஆங்கில உச்சரிப்பும் எளிதாக வரும்.

எதைப் படிக்கக் கொடுப்பது?

பள்ளி ஆங்கிலப் புத்தகத்தில் உள்ள துணைப்பாடக் கதைகளில் தொடங்கலாம். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் பல கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் படிநிலை வாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் தமிழில் படித்துவிட்டு அதே கதையை ஆங்கிலத்தில் படித்தால் பயம் போகும். உருது பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழும் பள்ளியில் கற்ற மொழியே. அவர்களுக்கு இந்த முறை இரட்டைப் பயன் தரும்.

பெரிய பிள்ளைகளுக்கு ஊரிலிருந்தே பாடம் எடுக்கலாம். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 920ஆம் ஆண்டு வாக்கில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. ஊரில் 30 குடும்புகள். வாரியத்துக்கு வருபவர் 35 வயதுக்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும். கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. இந்த விதிகளை எளிய ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியமாக எழுதிக் கொடுங்கள். விஷயம் தெரிந்ததாக இருந்தால் புதிய சொல்லுக்குப் பொருள் தானாகப் பிடிபடும். மருந்து அட்டை, வங்கிப் படிவம், வேலை அறிவிப்பு ஆகியவையும் நல்ல பாடங்களே.

ஆண்டுக் கணக்கு

ஜூன் முதல் மார்ச் வரை, செப்டம்பர், டிசம்பர் தேர்வு வாரங்களையும் பெருநாள்களையும் கழித்தால் சுமார் 30 ஞாயிறுகள் கிடைக்கும். பத்து வாரத்துக்கு ஒருமுறை முதல் வாரச் சோதனையைத் திரும்ப நடத்தி, முன்னேறிய பிள்ளையை அடுத்த குழுவுக்கு மாற்றுங்கள். ரமலானில் வகுப்பை நிறுத்தாமல் முக்கால் மணி நேரமாகக் குறைத்துக்கொள்ளலாம்.

பாடம் நடத்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் போதும். தமிழக அரசு 2021இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' தன்னார்வலர்களைக் கொண்டே நடந்தது. ஒரு குழுவுக்கு இருவர் இருந்தால் ஒருவர் வராத நாளிலும் வகுப்பு நிற்காது. பெண் பிள்ளைகளின் குழுவுக்குப் பெண் ஆசிரியரும், உடன் ஒரு தாயாரும் இருப்பது அவசியம். வெளிக் கிராமங்களிலிருந்து வருவோருக்கு டவுன் பஸ் நேரத்தைப் பார்த்து வகுப்பை முடியுங்கள். பஸ்ஸைத் தவறவிட்டுக் காத்திருக்கும் நிலை வந்தால் முதலில் நிற்பது பெண் பிள்ளையின் படிப்புதான்.

வீட்டில் செய்ய வேண்டியது

வாரம் ஒரு நாள் வகுப்பு மட்டும் போதாது. மற்ற ஆறு நாளும் வீட்டில் 15 நிமிடம் உரக்க வாசிக்க வேண்டும். "எனக்கு ஆங்கிலம் தெரியாதே" என்று எந்தத் தாயும் தயங்க வேண்டாம். பிள்ளை படிக்கும்போது அருகில் அமர்ந்து, "இதற்கு என்னம்மா அர்த்தம்?" என்று கேளுங்கள். நம் மொழியில் சொல்லத் தெரிந்தால் பிள்ளைக்குப் புரிந்திருக்கிறது. சொல்ல முடியாத வரியின் கீழ் ஒரு கோடு போட்டு அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமைப் பாடம் அந்தக் கோட்டிலிருந்து தொடங்கட்டும், இன்ஷா அல்லாஹ்.