ஒரு ‘மே’க்குப் பின்னால் வந்த சொற்றொடர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. உயர்தர வகுப்புப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் பொறுமையாக வாசிக்கவும்.

காரைநகரில் ஆங்கிலம் படிப்பிக்கும் எங்களிடம் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது: “ஷல், மே, மஸ்ற், இதெல்லாம் படிச்சு என்ன செய்யிறது?” வழமையாக நாங்கள் அனுமதி, கடமை, இயலுமை என்று பட்டியல் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். அந்தப் பட்டியல் பாதிப் பாடம்தான். யாருக்கு, எங்கே, எதற்காக, எதுவரை என்பதை அந்த வினையோடு சேர்ந்து வரும் முன்னிடைச் சொற்றொடர்கள்தான் சொல்கின்றன. தமிழில் அந்த வேலையை வேற்றுமை உருபுகள் முன்னுக்கே முடித்துவிடும். ‘லாம்’, ‘வேண்டும்’, ‘கூடாது’ எல்லாம் கடைசியில் வரும். ஆங்கிலத்தில் பெரும்பாலும் அனுமதி முந்திவிடும், நிபந்தனைகள் பின்னால் தொங்கும். முன்பாதியை மட்டும் வாசித்தவருக்கு முழு உரிமையும் கிடைத்தது போலத் தெரியும்.

இதற்கு எங்கள் நாட்டு மொழிச் சட்டங்களின் வரலாற்றை விட நல்ல உதாரணம் இல்லை.

சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவில் இருந்து தொடங்குவோம். நாட்டின் அமைதிக்கும் ஒழுங்குக்கும் நல்லாட்சிக்குமாகச் சட்டம் இயற்றும் அதிகாரம் பாராளுமன்றத்துக்கு உண்டு என்று அது சொல்கிறது. அங்கே ஒரு ‘ஷல்’. அடுத்த உட்பிரிவில் இன்னொரு ‘ஷல்’ வருகிறது, ‘நோ’ என்ற சொல்லோடு. எந்தச் சட்டமும் மதச் சுதந்திரத்தைத் தடுக்கக்கூடாது. ஒரு சமூகத்தவருக்கு மற்றச் சமூகத்தவருக்கு இல்லாத கட்டுப்பாட்டை விதிக்கக்கூடாது. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் அன்று இருந்த எழுத்திலான காவல் இந்த வாக்கியம்தான்.

1956 இன் 33 ஆம் இலக்கச் சட்டம் மிகவும் சிறியது. சிங்களமே இலங்கையின் ஒரே அரச மொழி என்பதற்கு ‘ஷல்’ போட்டது. அதுவரை பாவித்த மொழிகளைத் தொடரலாம் என்பதற்கு ‘மே’ போட்டது. ஆனால் அந்த ‘மே’யின் பின்னால் ஒரு காலச் சொற்றொடர் இருந்தது: 1960 டிசம்பர் 31 முடிவதற்கு முன்பாக மாற்றம் நடந்தாக வேண்டும். ‘ஷல்’லுக்கு முடிவு நாள் கிடையாது, ‘மே’க்கு உண்டு. சட்டம் யாருக்கு நிரந்தரம், யாருக்குத் தவணை என்பது இதிலேயே தெரிகிறது.

அடுத்தது 1958 இன் 28 ஆம் இலக்கத் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம். தமிழைப் பாவிக்க‘லாம்’ என்றது. அந்த ஒரு ‘மே’யைச் சுற்றி மூன்று சொற்றொடர்கள் நின்றன. ஒன்று, ‘வடக்கு, கிழக்கு மாகாணங்களில்’. இரண்டு, ‘விதிக்கப்பட்ட நிர்வாகத் தேவைகளுக்கு’. மூன்று, ‘அரச மொழியின் பாவனைக்குப் பங்கமின்றி’.

இரண்டாவதைப் பாருங்கள். ‘விதிக்கப்பட்ட’ என்றால் யாரோ ஒழுங்குவிதி எழுத வேண்டும். அந்த ஒழுங்குவிதிகள் பாராளுமன்றத்தில் நிறைவேறியது 1966 ஜனவரியில். எட்டு வருடம் இந்தச் சொற்றொடருக்குள் சட்டம் உறங்கியது.

முதலாவது சொற்றொடர் எங்கள் சமூகத்தை நேரடியாகத் தொட்டது. காரைநகரில் இருப்பவர் அந்த ‘இன்’னுக்கு உள்ளே நின்றார். தமிழையே வீட்டு மொழியாகக் கொண்ட கண்டி முஸ்லிமும், காலி முஸ்லிமும், மலையகத் தோட்டத் தொழிலாளியும் வெளியே நின்றார்கள். இந்நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலானோர் வாழ்வது வடகிழக்குக்கு வெளியேதான். ஒரேயொரு முன்னிடைச்சொல் அவர்களை அந்த ஏற்பாட்டில் இருந்து விலக்கி வைத்தது.

இனி நீதிமன்றம். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையாததால் கோடீஸ்வரன் என்ற அரச எழுதுவினைஞருக்கு 1962 இல் சம்பள ஏற்றம் மறுக்கப்பட்டது. அவர் 29 ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டு வழக்குப் போட்டார். 1964 இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1967 இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக முடியை வழக்காட முடியாது என்று அதை மாற்றியது. மொழிக் கேள்வியைத் தொடவே இல்லை. 1969 இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில், வழக்காடலாம் என்று சொல்லி, மொழிக் கேள்வியை இங்கேயே தீர்க்கும்படி திருப்பி அனுப்பியது.

அந்தக் கேள்விக்குப் பதில் வரவே இல்லை. 1971 இல் பிரிவிக் கவுன்சிலுக்கு மேன்முறையீடு செய்வது ஒழிக்கப்பட்டது. 1972 மே 22 இல் வந்த குடியரசு யாப்பில் 29 ஆம் பிரிவே இல்லை. அடிப்படை உரிமைகள் இருந்தன. கூடவே ‘தேசிய ஒற்றுமையின் நலனுக்காக’, ‘தேசிய பாதுகாப்பின் நலனுக்காக’ அவற்றைச் சட்டத்தால் மட்டுப்படுத்தலாம் என்ற சொற்றொடர்களும் இருந்தன.

அந்த யாப்பை ஆதரித்து வாக்களித்த சில தமிழ் உறுப்பினர்களில் ஒருவர், காரைநகர் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்து 1970 இல் வட்டுக்கோட்டை உறுப்பினரான ஆ. தியாகராசா. 1981 மே மாதம் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் காலத்தில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய முடிவை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். ஆனால் சட்ட வாக்கியங்கள் கடைசியில் எங்கே கொண்டுபோய் விட்டன என்பதை இந்த ஊர் தூரத்தில் இருந்து பார்க்கவில்லை.

1987 இன் 13 ஆவது திருத்தம், தமிழும் ஓர் அரச மொழி என்பதற்கு ‘ஷல்’ போட்டது. 1988 இன் 16 ஆவது திருத்தம், சிங்களமும் தமிழும் இலங்கை ‘முழுவதும்’ நிர்வாக மொழிகள் என்றது. முப்பது வருடத்துக்குப் பிறகு ‘மே’ ‘ஷல்’ ஆனது. ‘வடக்கு, கிழக்கில்’ என்பது ‘நாடு முழுவதும்’ ஆனது. ஆனால் அதே உறுப்புரை அடுத்த வரியில் வடகிழக்குக்குத் தமிழ், ஏனைய மாகாணங்களுக்குச் சிங்களம் என்று மறுபடி பிரிக்கிறது. இன்று கொழும்பில் இருந்து சிங்களத்தில் மட்டும் கடிதம் வரும்போது இதையெல்லாம் நினைக்க வேண்டியிருக்கிறது.

பிள்ளைகளே, இனிமேல் ‘ஷல்’ அல்லது ‘மே’ வரும் எந்த வாக்கியத்தைக் கண்டாலும் வினையில் நின்றுவிடாதீர்கள். யாருக்கு, எங்கே, எதற்கு, எதுவரை, எதற்கு உட்பட்டு என்று ஐந்து கேள்வி கேளுங்கள். காணி உறுதி, வேலை ஒப்பந்தம், வெளிநாட்டு முகவரின் படிவம், வங்கிக் கடன் பத்திரம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கையெழுத்து வைப்பதற்கு முன் கடைசிச் சொற்றொடர் வரை வாசியுங்கள்.