முப்பது சென்ட் ஜாடி

1903 அக்டோபர் மாதக் கடைசியில், அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரக் கடை ஒன்றில் ஒரு கல்லூரி மாணவர் முப்பது சென்ட் கொடுத்துத் தண்ணீர் ஜாடி வாங்கினார். அவர் பெயர் டாமி ராபர்ட்ஸ். மிச்சிகன் பல்கலைக்கழகக் கால்பந்து அணிக்கு மாணவர் மேலாளர். ஜாடி சூளையில் சுட்ட கெட்டி மண்ஜாடி, கழுத்து குறுகல். நிறம் என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, வெளிறிய சாம்பல். ஐந்து காலன் கொள்ளும், அதாவது இன்று நம் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போகும் குடிநீர் கேன் அளவு. அந்த ஜாடிக்காக இன்றும் இரண்டு பல்கலைக்கழகங்கள் மோதிக்கொள்கின்றன.

கால்பந்து என்றதும் நாம் ஆடும் ஆட்டத்தை நினைக்க வேண்டாம். முட்டை வடிவப் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எதிரணியை முட்டித் தள்ளி அங்குலம் அங்குலமாக முன்னேறும் அமெரிக்கக் கால்பந்து இது. 1903இல் அது இன்னும் முரட்டுத்தனமாக இருந்தது. பந்தை முன்னோக்கி எறிய அனுமதி கிடையாது. மூன்று முயற்சிகளில் ஐந்து கெஜம் முன்னேறிவிட்டால் பந்து உங்களிடமே இருக்கும். ஆகவே உடம்போடு உடம்பு மோதித்தான் வழி உண்டாக்க வேண்டும். இந்த ஆட்டத்தில் மாணவர்கள் உயிரிழப்பது வழக்கமாகிப்போய், 1905இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டே பெரிய பல்கலைக்கழகங்களின் ஆட்களை வெள்ளை மாளிகைக்கு வரவழைத்துப் பேச வேண்டியதாயிற்று. பந்தை முன்னோக்கி எறியலாம் என்ற விதி வந்தது அதற்கடுத்த ஆண்டில்தான்.

அந்தக் காலத்து மிச்சிகன் அணிக்கு ஈடு சொல்வது கடினம். பயிற்சியாளர் ஃபீல்டிங் யோஸ்ட் 1901இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஊரான ஆன் ஆர்பருக்கு வந்து சேர்ந்தார். வீரர்களைச் சதா 'சீக்கிரம், சீக்கிரம்' என்று விரட்டுவார். ஒரு மோதல் முடிந்து எதிரணி எழுந்து நிற்பதற்குள் அடுத்ததைத் தொடங்கிவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. முதல் ஆண்டிலேயே 550 புள்ளிகள் எடுத்து, ஒரு புள்ளிகூடக் கொடுக்காமல் பதினோரு ஆட்டங்களையும் வென்றார்கள். 1902 ஜனவரி முதல் நாள் கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டை 49-0 என்று வீழ்த்தியதும் அதில் அடக்கம். அடுத்த ஆண்டும் பதினோரு வெற்றி.

1903 பருவத்தின் முதல் ஏழு ஆட்டங்களின் கணக்கைப் பாருங்கள்: 31-0, 79-0, 65-0, 51-0, 88-0, 47-0, 76-0. ஓடிப் புள்ளி சேர்ப்பதில் மிச்சிகனின் வில்லி ஹெஸ்டனுக்கு நிகராக அன்று நாட்டிலேயே ஆள் அரிது. தொடர்ச்சியாக 29 வெற்றிகள். எட்டாவது ஆட்டத்துக்காகத்தான் அவர்கள் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஊரான மினியாபொலிஸுக்கு ரயிலேறிப் போனார்கள்.

மினசோட்டாவும் அந்தப் பருவத்தில் தோற்காத அணிதான். ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. மினசோட்டா ஆட்கள் குடிதண்ணீரில் எதையாவது கலந்துவிடுவார்கள் என்று யோஸ்ட் சந்தேகப்பட்டார் என்பார்கள். நமக்கென்று தனியாகத் தண்ணீர் வேண்டும், பாத்திரம் வாங்கி வா என்று ராபர்ட்ஸை அனுப்பினார். ஜாடியின் பிறப்பு இப்படி ஒரு பயத்தில்தான்.

அக்டோபர் 31 அன்று நார்த்ரோப் மைதானத்தில் சுமார் 20,000 பேர். இடம் கிடைக்காதவர்கள் மரங்களிலும் தந்திக் கம்பங்களிலும் ஏறிக்கொண்டார்கள். மினசோட்டாவின் பயிற்சியாளர் ஹென்றி வில்லியம்ஸ் மருத்துவர். யோஸ்டின் வேகத்தை அடக்க அவர் ஒரு வழி யோசித்து வைத்திருந்தார். அன்றைய வழக்கப்படி தடுக்கும் அணி ஒன்பது பேரை முன்வரிசையில் நிறுத்தும். வில்லியம்ஸ் ஏழு பேரை மட்டும் முன்னே வைத்துவிட்டு மற்றவர்களைப் பின்னால் இழுத்துக்கொண்டார். வரிசையை உடைத்துக்கொண்டு ஓடி வருபவனை மடக்கப் பின்னால் எப்போதும் ஆள் இருந்தது. ஹெஸ்டனுக்கு வழக்கமான திறந்தவெளி கிடைக்கவில்லை. முதல் பாதியில் இரு பக்கமும் பூஜ்யம். அதுவே பார்த்தவர்களுக்கு நம்ப முடியாத செய்தியாக இருந்திருக்கும்.

இரண்டாம் பாதியில் மிச்சிகன் பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி ஒரு டச்டவுன் போட்டது. அப்போது டச்டவுனுக்கு ஐந்து புள்ளி, அதைத் தொடர்ந்து கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஒன்று, ஆக 6-0. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது மினசோட்டாவும் எல்லைக்கோட்டைத் தாண்டியது. 6-5. மிஞ்சியது அந்த ஒரு உதை.

உதைத்தவர் அணித்தலைவர் எட் ரோஜர்ஸ். ஒஜிப்வே பழங்குடித் தாயின் மகன். பழங்குடிப் பிள்ளைகளை அவர்கள் வழக்கங்களிலிருந்து பிரித்து வெள்ளையர்களாக மாற்றுவதற்கென்றே நடத்தப்பட்ட கார்லைல் பள்ளியில் படித்து, அங்கேயும் அணித்தலைவராக இருந்து, பிறகு சட்டம் படிக்க மினசோட்டா வந்தவர். இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். பழங்குடி மக்களில் பலருக்கு அமெரிக்கக் குடியுரிமையே இல்லாத காலம் அது. சட்டம் போட்டு எல்லோருக்கும் அதை வழங்கியது 1924இல். அப்படிப்பட்ட நாட்டில், இருபதாயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பழங்குடி இளைஞனின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பந்து கம்பங்களுக்கு நடுவே போனது. ரோஜர்ஸ் பிறகு மினசோட்டாவிலேயே வழக்கறிஞராகி, மாவட்ட அரசு வழக்கறிஞராக நெடுங்காலம் பணியாற்றினார்.

6-6. கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்துவிட்டது. இன்னும் இரண்டு நிமிட ஆட்டம் பாக்கி இருந்தும், இனி நடத்த முடியாது என்று இரு தரப்பும் அத்தோடு நிறுத்திக்கொண்டன. மிச்சிகன் அணி மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியது. ஜாடி அங்கேயே நின்றுவிட்டது.

மறந்துவிட்டுப் போனார்கள் என்றுதான் பலகாலம் கதை சொன்னார்கள். வாங்கியவரே 1956இல் வேறு விதமாகச் சொன்னார்: ஜாடியின் வேலை முடிந்துவிட்டது, வேண்டுமென்றேதான் விட்டுவிட்டு வந்தேன் என்று. எனக்கு ராபர்ட்ஸ் சொல்வதுதான் சரியாகப் படுகிறது. காலி ஜாடியை யார் ரயிலில் கட்டிச் சுமப்பார்கள்?

அதை எடுத்தவர் ஆஸ்கர் மன்சன். மினசோட்டா அணியின் உடைகளையும் சாமான்களையும் பார்த்துக்கொண்ட ஊழியர்; ஸ்காண்டிநேவிய வழி வந்தவர். மிச்சிகன்காரர்கள் விட்டுப்போன ஜாடியை அவர் விளையாட்டுத் துறைத் தலைவர் எல். ஜே. குக்கிடம் கொண்டுபோய்க் காட்ட, குக் வண்ணமும் தூரிகையும் எடுத்துவிட்டார். 'மிச்சிகன் ஜாடி. 1903 அக்டோபர் 31 அன்று ஆஸ்கர் கைப்பற்றியது' என்று அதன்மேல் எழுதினார்கள். கூடவே ஆட்டக் கணக்கும் ஏறியது. மினசோட்டாவின் 6 மிகப் பெரிது, மிச்சிகனின் 6 மிகச் சிறிது. சமனில் முடிந்த ஆட்டத்தை அந்த ஊர் எப்படிப் பார்த்தது என்பதற்கு அந்த இரண்டு எழுத்தளவுகளைவிட நல்ல சாட்சி கிடையாது.

யோஸ்ட் ஜாடியைத் திருப்பிக் கேட்டு எழுதியதாகவும், வேண்டுமென்றால் வந்து ஜெயித்து எடுத்துக்கொள் என்று பதில் போனதாகவும் அமெரிக்காவில் ஒரு கதை உலவுகிறது. அழகான கதைதான், நான் அதை வரலாறாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இரண்டு அணிகளும் அடுத்து மோதியது ஆறு ஆண்டுகள் கழித்து, 1909இல். வெல்பவருக்கே ஜாடி என்று அப்போதுதான் ஏற்பாடாயிற்று. மிச்சிகன் 15-6 என்று வென்று ஜாடியை ஆன் ஆர்பருக்கு எடுத்துச் சென்றது. 1910இலும் வென்றது. மிச்சிகன் அப்போது தன் வட்டாரப் போட்டிக் கூட்டமைப்பிலிருந்து விலகியிருந்ததால், பிறகு ஒன்பது ஆண்டுகள் இரு அணிகளும் சந்திக்கவே இல்லை. 1919இல் மினசோட்டா 34-7 என்று வென்று ஜாடியைத் திரும்பப் பெற்றது.

அதன்பின் போக்குவரத்துதான். நாளடைவில் ஜாடிக்குப் பழுப்பு வண்ணம் பூசினார்கள். ஒரு பக்கம் மிச்சிகனின் 'எம்', மறுபக்கம் மினசோட்டாவின் 'எம்'. உடம்பெல்லாம் ஆண்டுகளும் கணக்குகளும். 'சின்னப் பழுப்பு ஜாடி' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. 1869இல் வந்து அமெரிக்கா முழுக்கப் பாடப்பட்ட ஒரு பாட்டின் பெயர் அது. 1930களின் தொடக்கத்தில் ஜாடி ஒருமுறை காணாமலே போய், பிறகு கிடைத்தது.

ஆட்டம் சமனானால் ஜாடி வைத்திருப்பவரிடமே இருக்கும். 1933இல் 0-0, மிச்சிகன் தப்பியது. அடுத்த ஆண்டு 34-0 என்று மினசோட்டா அள்ளிக்கொண்டு போனது. அன்று தோற்ற மிச்சிகன் அணியில் நடுவரிசை வீரராக நின்றவர் ஜெரால்டு ஃபோர்டு. 1974இல் அமெரிக்க ஜனாதிபதியானவர். 1934 முதல் 1942 வரை மினசோட்டா ஜாடியை விடவே இல்லை. பத்தாண்டு இடைவெளிக்குப் பிறகு 1977இல், நாட்டின் முதலிடத்தில் இருந்த மிச்சிகனை 16-0 என்று தோற்கடித்து மினசோட்டா அதை மீட்டது. அண்மைக்காலத்தில் காற்று மிச்சிகன் பக்கம். 2024 செப்டம்பரில் 27-24.

1903 மிச்சிகன் அணி கடைசியில் 11 வெற்றி, ஒரு சமன், எடுத்தது 565, கொடுத்தது 6 என்று பருவத்தை முடித்தது. மினசோட்டாவும் 14 வெற்றி, ஒரு சமன், தோல்வியில்லை. யோஸ்டின் அணி 1901 முதல் 1905 வரை எடுத்த புள்ளிகள் 2,821, கொடுத்தவை 42. அந்த 42இல் ஆறு எட் ரோஜர்ஸின் அணி எடுத்தது. 88-0 என்று வாங்கியது எந்த அணி என்று இன்று மிச்சிகன் மாணவர்களைக் கேட்டால் எத்தனை பேர் சொல்வார்களோ. வெல்ல முடியாமல் போன அந்த ஒரு ஆட்டத்தை மட்டும் எல்லோரும் அறிவார்கள்.

யோஸ்டின் பெயரில் ஆன் ஆர்பரில் விளையாட்டு அரங்கம் இருக்கிறது. வில்லியம்ஸ் பெயரிலும் குக் பெயரிலும் மினசோட்டாவில் கட்டடங்கள் இருக்கின்றன. ஜாடியை வாங்கிய மாணவரும் எடுத்து வைத்த ஊழியரும் களத்தில் பந்தைத் தொட்டதில்லை. 1903 பருவத்தைப் பற்றி இனி யார் எழுதினாலும், யோஸ்டுக்கும் ஹெஸ்டனுக்கும் பக்கத்தில் டாமி ராபர்ட்ஸையும் ஆஸ்கர் மன்சனையும் சேர்த்தே எழுத வேண்டும்.