பதினைந்தும் மூன்றும்: புதுச்சேரியின் முதல் கூட்டணி அமைச்சரவை

தேர்தல் என்பது இந்திய யூனியனோடு இணைந்த பிறகே புதுச்சேரிக்கு வந்து சேர்ந்த வழக்கமன்று. பிரெஞ்சு அரசு 1880ஆம் ஆண்டிலேயே கொம்யூன் எனப்படும் உள்ளாட்சி அமைப்புகளை ஏற்படுத்தி, அவற்றுக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை மக்களில் ஒரு பகுதியினருக்கு வழங்கியிருந்தது. கொம்யூன் பஞ்சாயத்து என்ற பெயரில் அந்த அமைப்பு இன்றும் நீடிக்கிறது. ஆயினும் வாக்குரிமை இருந்த அளவுக்கு ஆட்சிப் பொறுப்பு உள்ளூராரிடம் இல்லை. நிர்வாகம் பாரீசிலிருந்து அனுப்பப்பட்ட ஆளுநரின் கையில் இருந்தமையால், கட்சி என்பது பெரும்பாலும் செல்வாக்குள்ள ஒரு தலைவரையும் அவரை அண்டி நின்றவர்களையுமே குறித்தது.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்ததைத் தொடர்ந்து, நவம்பர் 1ஆம் நாள் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான ஒப்படைப்போ, 1956இல் கையெழுத்தான உடன்படிக்கைக்குப் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்த பின்னர், 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நிறைவேறியது. 1963 ஜூலையில் சட்டமன்றமும் அதற்குப் பொறுப்பான அமைச்சரவையும் அமைந்தபோது முதலமைச்சரானவர் எதுவார் குபேர். பிரெஞ்சிந்திய சோசலிஸ்டுக் கட்சியின் தலைவராகப் பிரெஞ்சு ஆட்சியை ஆதரித்து நின்று, 1954இல் இணைப்பின் பக்கம் திரும்பி, பின்னர் காங்கிரசில் சேர்ந்தவர்.

இணைப்புக்கு நெடுங்காலம் போராடிய கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையாவுக்கு அந்த ஆட்சியில் இடமில்லாமற் போனதை இவ்வரலாற்றின் பெருங்குறையாகவே கொள்ள வேண்டும். அவர் கட்டியெழுப்பிய தொழிலாளர் இயக்கம் 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலை வேலைநிறுத்தத்தின்போது நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் பன்னிரண்டு பேரைப் பலிகொடுத்திருந்தது. அந்தக் குருதிக்குப் பின்னரே, 1937இல், பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. அத்தகைய இயக்கத்தின் தலைவர், விடுதலை கிடைத்த பின்னும் பதினைந்தாண்டுக் காலம் எதிர்வரிசையிலேயே இருந்தார்.

1964 தேர்தலில் முப்பது இடங்களில் இருபத்திரண்டைக் கைப்பற்றிய காங்கிரசோ உட்பூசலால் நிலைகுலைந்தது. 1967 ஏப்ரலில் இருபத்தொன்பது வயதில் முதலமைச்சரான காரைக்கால் எம்.ஓ.எச். பாரூக் பதினோரு மாதங்களில் பதவியிழந்தார். அடுத்து வந்த வெங்கடசுப்பா ரெட்டியார் அமைச்சரவையும் ஆறு மாதங்களே நீடித்து, 1968 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் ஆட்சிக்கு வழிவிட்டது.

அண்ணா மறைந்து சில வாரங்களே ஆகியிருந்த 1969 மார்ச்சில் நடந்த தேர்தலில் தி.மு.க. பதினைந்து இடங்களையும், காங்கிரஸ் பத்தையும், இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி மூன்றையும், சுயேச்சைகள் இரண்டையும் பெற்றனர். முப்பது பேர் அவையில் பெரும்பான்மைக்குப் பதினாறு தேவை. குறைந்த அந்த ஓர் இடத்தைச் சுயேச்சை ஒருவரைச் சேர்த்துக்கொண்டே நிரப்பியிருக்கலாம். அவ்வாறின்றிக் கம்யூனிஸ்டுகளோடு ஆட்சியைப் பகிர்ந்துகொண்டதால் பலம் பதினெட்டாயிற்று. காங்கிரசிலிருந்து விலகித் தி.மு.க.வில் சேர்ந்திருந்த பாரூக் மார்ச் 17 அன்று மீண்டும் முதலமைச்சரானார், சுப்பையா அமைச்சரானார். கூட்டணி அமைச்சரவை என்பது தனிப் பெரும்பான்மையற்ற கட்சிகள் பதவியையும் பொறுப்பையும் சேர்ந்தே சுமப்பது. புதுச்சேரியில் அது ஆலைத் தொழிலாளரின் நெடுநாள் தலைவரை அரசுக்குள் கொண்டுவந்தது.

கட்சித்தாவல் தடைச் சட்டம் 1985இல்தான் வந்தது என்பதையும், சில ஆயிரம் வாக்குகளே கொண்ட சிறு தொகுதிகளில் கட்சியைவிடத் தனிமனிதச் செல்வாக்கே மேலோங்கியிருந்தது என்பதையும் எண்ணிப் பார்த்தால், அவ்வமைச்சரவை 1974 ஜனவரி 3 வரை ஏறத்தாழ ஐந்தாண்டுகள் நின்றது வியப்புக்குரியது. கம்யூனிஸ்ட் உறுப்பினர் மூவரும் தனியாட்களாக வராமல், ஓர் இயக்கத்தின் பிரதிநிதிகளாக வந்ததும் அதற்குக் காரணமாதல் வேண்டும்.

1972இல் எம்.ஜி.ஆர். அ.தி.மு.க.வைத் தொடங்கியதால் தி.மு.க. பிளவுபட்டபோது, புதுச்சேரியிலும் அணிகள் கலைந்தன. 1974 தேர்தலுக்குப் பின் பன்னிரண்டு இடங்களோடு அ.தி.மு.க.வும் இரண்டோடு கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து, எஸ். ராமசாமி தலைமையில் மார்ச் 6 அன்று அமைத்த ஆட்சிக்கு அவையில் பெரும்பான்மை இல்லை. அதே மாதம் 28ஆம் நாள் அது விழுந்தது. அதன்பின் 1977 ஜூலை வரை புதுச்சேரியில் மக்கள் தேர்ந்தெடுத்த அமைச்சரவையே இல்லை.