பெயர் சொல்லாத பரீட்சகர்

சில வருஷங்களுக்கு முன் ஒரு சரித்திரக் கதை எழுதினேன். அதில் ராஜராஜ சோழன் காலத்துப் பாட்டி ஒருத்தி தஞ்சாவூர் வீதியில் மிளகாய் உலர்த்திக்கொண்டிருந்தாள். பத்திரிகாசிரியர் என்னைக் கேட்காமலே கையெழுத்துப் பிரதியை யாரோ ஒரு சரித்திரப் பேராசிரியரிடம் காட்டிவிட்டார். "மிளகாய் போர்ச்சுகீசியரோடு கப்பலில் வந்த சரக்கு. பாட்டி 500 வருஷம் முந்திக்கொண்டாள்" என்ற குறிப்போடு கதை திரும்பி வந்தது. எனக்குக் கோபமான கோபம் இல்லை. என் எழுத்தைப் பரீட்சை செய்ய இவர் யார்? குறிப்பின் கீழே பெயர்கூட இல்லையே!

இதே கோபம் 1936-ஆம் வருஷம் ஐன்ஸ்டீனுக்கும் வந்தது என்று பிற்பாடு படித்தேன். மனசுக்குச் சற்று ஆறுதலாக இருந்தது. மேலே படித்தபோதோ வெட்கமாகிவிட்டது.

அப்போது அவர் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரில் இருந்தார். ஈர்ப்பு அலைகள் உண்டு என்று 1916-இல் சொன்னவர் அவரே. இப்போது நேதன் ரோஸன் என்ற இளைஞருடன் சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்த்ததில், அப்படிப்பட்ட அலைகள் இருக்கவே முடியாது என்று விடை வந்தது. கட்டுரையை 'பிஸிகல் ரிவ்யூ' என்ற சஞ்சிகைக்கு அனுப்பினார்கள்.

அதன் ஆசிரியர் ஜான் டேட். வந்திருப்பது ஐன்ஸ்டீனின் கட்டுரை. கண்ணை மூடிக்கொண்டு அச்சுக்கு அனுப்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். டேட் அப்படிச் செய்யவில்லை. விஷயம் தெரிந்த ஒருவருக்கு அனுப்பினார். 10 பக்கத்துக்குக் குறிப்பு வந்தது. அதை ஆசிரியர் மரியாதையாக ஐன்ஸ்டீனுக்கு அனுப்பி, அபிப்பிராயம் கேட்டார்.

ஜெர்மனியில் இப்படியெல்லாம் பழகியவரல்ல ஐன்ஸ்டீன். அச்சிடுவதற்கு முன் பிறரிடம் காட்ட உமக்கு அனுமதி தரவில்லையே என்று எழுதி, கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதன்பின் அந்தச் சஞ்சிகைக்கு அவர் ஆராய்ச்சிக் கட்டுரை எதுவும் தரவில்லை. 'ஃபிராங்க்ளின் இன்ஸ்டிட்யூட்' சஞ்சிகைக்கு அதை அனுப்பினார்.

குறிப்பு எழுதியவர் ஹோவர்ட் ராபர்ட்ஸன். அதே பிரின்ஸ்டனில் பேராசிரியர். அவர் கண்ட பிழை என்ன? பூகோளப் படத்தில் தீர்க்க ரேகைகள் எல்லாம் வட துருவத்தில் ஒரு புள்ளியில் வந்து முட்டுகின்றன. அதனால் பூமி அந்த இடத்தில் கிழிந்துவிட்டது என்று அர்த்தமா? குறை நாம் போட்ட ரேகையில், பூமியில் அல்ல. ஐன்ஸ்டீனின் கணக்கிலும் கோளாறு அப்படிப்பட்டதே.

விடுமுறை கழிந்து ஊர் திரும்பிய ராபர்ட்ஸன், ஐன்ஸ்டீனின் புதிய உதவியாளர் இன்ஃபெல்டுடன் சிநேகமானார். பேச்சுவாக்கில் பிழையை விளக்கினார். "அந்தப் பரீட்சகன் நான்தான்" என்று மார்தட்டவில்லை. இன்ஃபெல்ட் போய்ச் சொன்னபோது, தாமும் தம் கணக்கில் ஒரு பிழையைக் கண்டுவிட்டதாக ஐன்ஸ்டீன் சொன்னார். அச்சாகும் தறுவாயில் கட்டுரையைத் திருத்தினார். 1937-இல் வெளியான கட்டுரையின் முடிவு தலைகீழாக மாறியிருந்தது: அலைகள் உண்டு! பிழையைத் தெளிவாக்க உதவிய ராபர்ட்ஸனுக்கு அதில் நன்றியும் அச்சாகியிருந்தது.

ராபர்ட்ஸன் 1961-இல் காலமானார். பரீட்சகர் அவரே என்பது, சஞ்சிகையின் பழைய பதிவேட்டைப் பார்த்து 2005-இல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. 2015 செப்டம்பர் 14-ஆம் தேதி ஈர்ப்பு அலையே கருவியில் சிக்கியது. அந்தச் செய்தி 2016-இல் வெளியானது, அதே குடும்பத்தைச் சேர்ந்த 'பிஸிகல் ரிவ்யூ லெட்டர்ஸ்' சஞ்சிகையில்.

காசைக் கொடுத்தால் எதையும் படிக்காமல் அச்சிடும் ஆராய்ச்சிச் சஞ்சிகைகள் இன்று இருக்கின்றன. எழுதுகிறவனுக்கு அங்கே கோபமே வராது. கோபம் வருகிற இடத்தில் யாரோ ஒருவர் நம் எழுத்தை ஊன்றிப் படித்திருக்கிறார் என்று பொருள். பெயர் பெரிதா, பிழை பெரிதா என்ற கேள்வி எழும்போது பிழையைப் பார்க்கிற ஆசிரியர் ஒருவர் இருக்கவேண்டும். கண்டதைச் சொல்லிவிட்டு, கைதட்டலுக்குக் காத்திராமல் நகர்கிற ராபர்ட்ஸன் ஒருவரும் வேண்டும். ஐன்ஸ்டீனின் பெயரைக் காப்பாற்றியவர்கள் அவரைக் கோபப்படுத்திய அந்த இருவர்தாம்.

என் பாட்டி இப்போது மிளகு உலர்த்துகிறாள். அந்தப் பேராசிரியர் யார் என்று நான் விசாரிக்கவில்லை. அவருக்கு என் நமஸ்காரம்.